ரொச்டேல் கடையும் எங்கள் சங்கக்கடையும்

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முடிவிலே, தேநீர் பரிமாறப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் ஒரு யோசனையை முன்வைத்தார். ஆலய அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, மரக்கறி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்குகிறோம். அதே நாளில், அதே இடத்தில், அங்கத்தவர் குடும்பங்களுக்கும் சேர்த்து வாங்கினால் என்ன? நல்ல பொருள் கிடைக்கும், விலையும் குறையும், பிள்ளைகள் தூர இடங்களுக்குப் போய்விடத் தனியே இருக்கும் முதியவர்களுக்கும் உதவியாக இருக்கும் என்றார்.

உடனே கேள்விகள் எழுந்தன. கணக்கை யார் பார்ப்பது? காசைப் பிந்தித் தருபவர்களை என்ன செய்வது? மிஞ்சும் பணம் ஆலயத்துக்கா, வாங்கியவர்களுக்கா? நேரம் போதாமையால் விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இக்கேள்விகள் புதியவை அல்ல. நாம் இன்று குடியிருக்கும் இந்த இங்கிலாந்து நாட்டிலேயே, ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்னர், ஏழைத் தொழிலாளர் சிலர் இதே கேள்விகளைத் தமக்குள் கேட்டு, விடையும் கண்டு, அவ்விடையின்படி ஒரு கடையையும் நடத்திக் காட்டினார்கள். அந்த வரலாறு எமது ஊர்ச் சங்கக்கடையோடும், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களோடும் தொடர்புடையது. அடுத்த கூட்டத்துக்கு முன் அங்கத்தவர்கள் அதனை அறிந்திருப்பது நன்று என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

பாணில் கலந்த படிகாரம்

மஞ்செஸ்டர் நகருக்கு வடகிழக்கே சுமார் பத்து மைல் தூரத்தில் உள்ளது ரொச்டேல். பிளனல் என்னும் கம்பளித் துணி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கைத்தறியின் இடத்தை இயந்திரத் தறி பிடித்துக்கொண்ட காலத்தில் அவ்வூர் நெசவாளரின் கூலி வீழ்ந்தது. 1840களின் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டமும் தோல்வியில் முடிந்தது.

கூலி குறைந்தது ஒரு துன்பம். அந்தக் கூலிக்கு வாங்கிய உணவோ மற்றொரு துன்பம். அக்காலத்தில் இங்கிலாந்தில் உணவுக் கலப்படம் சர்வசாதாரணமாக நடந்தது. பாண் வெள்ளையாகத் தெரிவதற்காக மாவிலே படிகாரம் சேர்த்தார்கள். ஒருமுறை ஊறிய தேயிலையைக் காயவைத்து, சாயமேற்றி, புதுத் தேயிலையென்று விற்றார்கள். ஊறுகாய் பச்சையாகத் தெரிய அதிலே செம்பின் நஞ்சு ஏறும்படி செய்தார்கள். பாலாடைக் கட்டிக்கும் இனிப்புகளுக்கும் நிறமூட்ட ஈயம் கலந்த சாயங்களைப் பயன்படுத்தினார்கள். 1820இல் இலண்டனில் வாழ்ந்த பிரெடெரிக் ஆக்கம் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் இவற்றையெல்லாம் விவரித்து ஒரு நூலே எழுதினார். முப்பது ஆண்டுகள் சென்றும் நிலைமை மாறவில்லை. 1851 முதல் 1854 வரை ஆர்தர் ஹில் ஹாசல் என்னும் வைத்தியர் கடைகடையாகப் பொருள் வாங்கி, நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்து, முடிவுகளை விற்றவர்களின் பெயர் விலாசத்தோடு லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார்.

இதன் பலன் எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1858இல் பிராட்போர்ட் நகரில், சீனிச் செலவைக் குறைப்பதற்காக இனிப்பிலே சாந்துத் தூள் சேர்க்கும் வழக்கம் இருந்தது. ஒருநாள் அந்தத் தூளென்று நினைத்துத் தவறுதலாகப் பாஷாணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இருபது பேர் வரையில் இறந்தனர். இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இதற்குப் பின்னரே, 1860இல், கலப்படத்துக்கு எதிரான முதற் பொதுச்சட்டம் வந்தது. அதுவும் வலுவற்ற சட்டம். ஓரளவு பயனுள்ள சட்டம் வர 1875 ஆயிற்று.

ஏழைக்கு இதிலிருந்து தப்ப வழி இருக்கவில்லை. சில இடங்களில் முதலாளியே கடையும் வைத்திருந்தான். கூலியைக் காசாகத் தராமல் அக்கடையின் சாமானாகவே கொடுத்தான். 1831இல் இதைத் தடுக்கச் சட்டம் செய்யப்பட்டும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. மற்ற இடங்களிலோ கடன் கொப்பி இருந்தது. கடைக்காரனுக்குக் கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக இயலாது. போக இயலாதவனுக்கு எந்த மாவை நிறுத்துக் கொடுத்தால் என்ன, எந்த நிறையைக் கொடுத்தால் என்ன? கடன் கொப்பியும் கலப்பட மாவும் ஒரே கடையின் இரு பக்கங்கள் என்பதை ரொச்டேல் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

இருபத்தெட்டுப் பவுண்

1844ஆம் ஆண்டு. கைநெசவாளர், கம்பளி தரம் பிரிப்பவர், சப்பாத்துத் தொழிலாளி என்றிவ்வாறு பல தொழில் செய்தவர்கள் ஒன்றுகூடினார்கள். சார்ள்ஸ் ஹோவார்த், ஜேம்ஸ் ஸ்மிதீஸ், வில்லியம் கூப்பர், சாமுவேல் ஆஷ்வொர்த் முதலியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். ஆளுக்கு ஒரு பவுண் பங்கு. ஒரு பவுணை ஒரே தடவையில் கொடுக்க எவரிடமும் வசதி இருக்கவில்லை. ஆகவே கிழமைக்கு இரண்டு பென்சாகச் சேர்த்தார்கள். இருபத்தெட்டுப் பேர், இருபத்தெட்டுப் பவுண் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வாண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி தமது சங்கத்தைப் பதிவு செய்தார்கள்.

அவர்களுக்கு முன் ஒரு தோல்வியும் இருந்தது. 1833 அளவில் அதே ஊரில், டோட் லேன் என்னும் அதே ஒழுங்கையில், ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டு, இரண்டாண்டுகளில் மூடப்பட்டது. காரணம் கடன். தெரிந்தவர், அயலவர், உறவினர் என்று கடன் கொடுத்தார்கள். கொடுத்த கடன் திரும்பவில்லை. அக்கடையில் ஈடுபட்டிருந்த சிலர் 1844இல் மீண்டும் கூடியவர்களுள் இருந்தார்கள். தோற்ற கடையின் பாடத்தை மறவாமல் கொண்டுவந்ததே அவர்களின் முதல் மூலதனம் எனலாம்.

டோட் லேனில் ஒரு பண்டசாலையின் கீழ்த்தட்டை ஆண்டுக்கு 10 பவுண் வாடகைக்கு எடுத்தார்கள். எஞ்சிய பணத்தில் 16 பவுண் 11 சிலிங் 11 பென்சுக்குச் சாமான் வாங்கினார்கள். 28 இறாத்தல் பட்டர், 56 இறாத்தல் சீனி, 6 அந்தர் கோதுமை மா, ஒரு மூடை ஓட்மீல், கொஞ்சம் மெழுகுதிரி. அவ்வளவுதான். 1844 டிசெம்பர் 21ஆம் திகதி, சனிக்கிழமை இரவு, ஆண்டின் மிக நீண்ட இரவன்று, கடை திறக்கப்பட்டது. ஒழுங்கையில் கூடிநின்ற சிறுவர்கள் கேலி செய்தார்கள். மற்றக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். தொடக்கத்தில் கிழமையில் இரண்டு மாலைகளில் மட்டுமே கடை திறந்திருந்தது. பகலிலே எல்லோருக்கும் வேலை. கூப்பர் காசாளர், ஆஷ்வொர்த் விற்பனையாளர்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்தது. 1931 முதல் அது ஒரு நூதனசாலையாக இருந்து வருகிறது. உள்ளே போனவுடன் மனதில் எழுந்த எண்ணம், "இவ்வளவு சிறிய இடமா?" என்பதே. எமது ஆலயத்தின் மடைப்பள்ளி அதனிலும் பெரிது. ஒரு மேசை, ஒரு தராசு, சில மூடைகள். எனினும் உலகெங்கும் பரந்த ஓர் இயக்கம் தனது பிறப்பிடமென்று அந்த அறையைத்தான் காட்டுகிறது.

தராசைப் பிடித்த விதிகள்

அவர்கள் நல்லவர்கள், ஆகையால் கடை நல்லதாக நடந்தது என்று சொல்லிவிட்டால் வரலாறு முடிந்துவிடும். ஆனால் உண்மை அதுவன்று. தோற்ற கடையை நடத்தியவர்களும் நல்லவர்களே. இம்முறை அவர்கள் நல்ல மனத்தை மட்டும் நம்பவில்லை. விதிகளை எழுதினார்கள்.

முதலாவது, காசுக்குக் கடை. எவருக்கும் கடனில்லை. இரண்டாவது, சுத்தமான பொருள், முழு நிறை. விலையை அயற்கடைகளின் விலையளவில் வைத்தார்கள். மலிவாக விற்று ஆரவாரம் செய்யவில்லை. மூன்றாவது, பங்குப் பணத்துக்கு ஒரு வரையறுத்த வட்டி மட்டும். பணம் அதிகம் போட்டவன் இலாபத்தை அள்ளிச் செல்ல இடமில்லை. நான்காவது, மிஞ்சிய இலாபம் வாங்கியவர்களுக்கே, அவரவர் வாங்கிய அளவின்படி பகிரப்படும். பத்துப் பவுணுக்கு வாங்கிய குடும்பத்துக்கு, ஐந்து பவுணுக்கு வாங்கிய குடும்பத்தைப்போல் இருமடங்கு. இந்த ஏற்பாட்டை ஹோவார்த் கொண்டுவந்ததாகச் சொல்வர். வேறு சில இடங்களில் முன்னரே இது இருந்ததுண்டு. ஆயினும் அதை நிலைநிறுத்திக் காட்டியவர்கள் இவர்களே.

ஐந்தாவது, ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு, எத்தனை பங்கிருந்தாலும். பெண்களுக்கும் அதே உரிமை. மணமான பெண்ணின் உழைப்பும் சொத்தும் சட்டப்படி கணவனுக்கே உரியதாயிருந்த நாட்டில், 1870ஆம், 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வருவதற்கு வெகு முன்னரே, ரொச்டேல் கடையில் பெண் தன் பெயரில் பங்கு வைத்திருக்க முடிந்தது. ஆறாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அங்கத்தவர்முன் வைக்கப்படும். ஏழாவது, இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை கல்விக்கு. இந்த ஒழுங்கு 1850களில் உறுதியானது. கடையின் மேல்மாடியில் வாசிகசாலை வந்தது. மாவும் சீனியும் வாங்க வந்தவர்கள் பத்திரிகை வாசித்துச் சென்றார்கள்.

1845 முடிவில் அங்கத்தவர் 74 பேர். 1848இல் 140. அடுத்த ஆண்டில் ரொச்டேலின் சேமிப்பு வங்கி, உள்ளே நடந்த பெருமோசடி வெளிப்பட்டு முறிந்தது. பெரிய மனிதர்கள் நடத்திய வங்கி வீழ, நெசவாளர் நடத்திய கடை நின்றது. மக்கள் அதைக் கண்டார்கள். 1849 முடிவில் அங்கத்தவர் 390, 1850இல் 600. 1860இல் 3,450 பேர். அவ்வாண்டின் விற்பனை 152,063 பவுண். பதினாறு பவுண் சாமானோடு தொடங்கிய கடை இது.

குறையையும் சொல்ல வேண்டும். காசுக்கே கடை என்ற விதி கடையைக் காப்பாற்றியது. ஆனால் கையில் காசில்லாத, ஏற்கெனவே கடனில் மூழ்கிய பரம ஏழையை அதே விதி வாசலில் நிறுத்தியது. அவன் பழைய கடைக்கே, கடன் கொப்பிக்கே போனான். ரொச்டேலின் விதிகளைப் போற்றுபவர்கள் இந்த வாசலையும் மறக்கலாகாது.

மாவின் நிறம்

கடை நன்றாக நடந்தும் மாவைப் பற்றிய கவலை தீரவில்லை. வெளியிலிருந்து வாங்கும் மாவில் என்ன இருக்கிறதென்று எப்படி அறிவது? ஆகவே 1850இல் ஊரவர் சேர்ந்து தாமே ஒரு மா ஆலைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ரொச்டேல் கடை அதில் பெரும் பங்கு எடுத்தது.

இங்கே எதிர்பாராத ஒரு தடை வந்தது. சுத்தமான மா மங்கல் நிறமாயிருந்தது. படிகாரம் கலந்த வெள்ளை மாவுக்கே பழகிய கண்களுக்கு அது அழுக்கு மாவாகத் தோன்றியது. பல ஆண்டுகள் ஏமாற்றப்பட்டவர்கள், ஏமாற்றில்லாத பொருளைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆலை முதலில் நட்டத்தில் ஓடியது. மாவின் தரமும் ஒழுங்காக அமையவில்லை. போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க வேண்டுமென்று சிலர் பதறினார்கள். ஆலையை விட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. விட்டுவிடவில்லை. நிருவாகத்தைத் திருத்தினார்கள், கூட்டங்களில் விளக்கினார்கள், பொறுத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் ஆலை இலாபம் காட்டியது.

நல்லுணவை விற்றால் மட்டும் போதாது, நல்லுணவு இன்னதென்று உண்பவர் அறியவும் வேண்டும் என்பதே இந்த மா சொல்லும் பாடம். கல்விக்கென்று இரண்டரை வீதம் ஒதுக்கியதன் அருமை இவ்விடத்தில் விளங்குகிறது. தீட்டிய வெள்ளை அரிசியே உயர்ந்ததென்று பழகிய எமக்கும், நீரிழிவு நோய் வீடுதோறும் புகுந்திருக்கும் இந்நாளில், இப்பாடம் தூரத்துப் பாடமன்று.

திருவல்லிக்கேணியும் எங்கள் ஊரும்

ரொச்டேலின் செய்தி கடல் கடந்தது. சென்னை மாகாண அரசாங்கத்துக்காகப் பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் அறிக்கை அளித்தார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கடன் சங்கங்களைப் பற்றியதே. கடைகளைப் போன்ற ஏனைய சங்கங்களுக்கு இடமளிக்கும் சட்டம் 1912இல்தான் வந்தது. ஆனால் சென்னை திருவல்லிக்கேணியில் சிலர் அதுவரை காத்திருக்கவில்லை. 1904லேயே, ரொச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவ்வேளை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த வீ. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அதன் தொடக்கத்தில் பங்குகொண்டவர்களுள் ஒருவர். பின்னாளில் நாவன்மையால் உலகப் புகழ் பெற்றவர் அரிசி, பருப்புக் கடையின் கணக்கைப் பற்றிக் கவலைப்பட்ட நாளும் உண்டு. இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளுள் ஒன்றாக எண்ணப்படும் அச்சங்கம் நூற்றாண்டைக் கடந்து நிலைத்திருக்கிறது.

இலங்கையில் 1911இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் அங்கும் கடன் சங்கங்களே. கடைகள் பெருகியது இரண்டாம் உலகப்போரின்போது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. இருப்பதைப் பங்கிட வேண்டிய நிலை. கூப்பன் முறையும், கூடவே ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் வந்தன. சில ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்காயின. எமது யாழ்ப்பாணத்தில் சனங்கள் அதற்கு வைத்த பெயர் சங்கக்கடை.

அந்தச் சங்கக்கடை இல்லாத பிள்ளைப் பருவம் எம்மில் பலருக்கு இல்லை. கூப்பன் அட்டையையும் உரப்பையையும் கொடுத்து அம்மா அனுப்புவார். 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் விடியற்காலை பாண் வரிசையில் நின்ற ஞாபகம் இன்றும் எனக்குண்டு. எங்கள் ஊர்க் கடையில் நிறை குறையும் என்பது ஊரறிந்த விடயம். சீனி நிறுக்கும்போது தராசுத் தட்டு ஆடி நிற்குமுன்னே பையில் கொட்டிவிடுவார்கள். ஒருநாள் வீட்டில் நிறுத்துப் பார்த்த அப்பா, "சங்கக்கடைதானே" என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்து வைத்தார்.

அப்பா அச்சங்கத்தின் அங்கத்தவர். பங்குப் பணம் கட்டியவர். கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர். ஆனால் அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. அவரைக் குறைசொல்வதற்கு இதை நான் எழுதவில்லை. ஊரில் எவருக்கும் வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்களையெல்லாம் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக இணைத்தார்கள். நிருவாகத்தில் அரசாங்க நியமனமும் பெருகிற்று. சங்கக்கடை "எங்கள் கடை" என்ற நிலை போய், "அரசாங்கக் கடை" ஆகிவிட்டது. அரசாங்கக் கடையில் நிறை குறைந்தால் முணுமுணுப்பார்கள். தங்கள் கடையில் குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

நன்றி மறவாமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வடபகுதி வாடியபோது, இடம்பெயர்ந்த சனங்களுக்கு நிவாரண அரிசியும் மாவும் சென்றடைந்த வழிகளில் இந்தச் சங்கங்களும் ஒன்று. குறைகள் எத்தனையிருந்தும், ஊருக்கு ஊர் ஒரு கடையும், ஒரு பதிவேடும், குடும்பங்களை அறிந்த ஒரு முகாமையாளரும் இருந்தமையால் அது இயன்றது.

கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்கள்

இனிச் சொல்லப்போவது ரொச்டேல் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. எமக்கோ அது மிக நெருங்கிய பகுதி.

வட இங்கிலாந்தின் கூட்டுறவுக் கடைகள் ஒன்றுசேர்ந்து 1863இல் ஒரு மொத்த விற்பனைச் சங்கத்தை உருவாக்கின. அடுத்த ஆண்டு அது மஞ்செஸ்டரில் வியாபாரம் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல், பொருள் விளையும் இடத்திலேயே வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பாணுக்கு அடுத்தபடியாக ஆங்கிலத் தொழிலாளியின் வீட்டில் அத்தியாவசியமானது தேயிலை. கலப்படமில்லாத தேயிலைக்கு வழி என்ன? தோட்டத்தையே வாங்குவது. இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து மொத்த விற்பனைச் சங்கங்கள் கூட்டாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தேயிலைத் தோட்டங்களை வாங்கின.

அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் யார்? தமிழகத்திலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட எமது மக்கள். இலங்கைத் தோட்டங்களில் அரிசியை முன்பணமாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழிப்பது வழக்கம். கங்காணியிடம் பட்ட கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டு, தொழிலாளி எந்தத் தோட்டத்துக்கு மாறினாலும் அவனோடு போனது. துண்டு முறை என்னும் அந்தக் கொடுமை 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. எந்தக் கடன் கொப்பியை உதறிவிட்டு ரொச்டேல் தொழிலாளி எழுந்தானோ, அதே கடன் கொப்பியின் இன்னொரு வடிவத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் மலையகத் தொழிலாளர். கூட்டுறவுத் தேயிலையின் இலாபம் பிரித்தானிய அங்கத்தவர்களுக்கு வாங்கிய அளவின்படி பகிரப்பட்டது. கொழுந்து கிள்ளியவளுக்குப் பங்கில்லை, வாக்கில்லை, கூட்டத்தில் கதிரையுமில்லை.

இதை வன்மத்தோடு சொல்லவில்லை. ரொச்டேல் பெரியவர்கள் கண்ட வழி பெருவழி. ஆயினும் அவர்களுடைய தராசு, கூட்டத்தில் இருந்தவர்களுக்கே நேராக நின்றது. கடன்பட்ட ஏழை கூட்டத்தில் இல்லை. தேயிலை கிள்ளிய தமிழ்ப் பெண் கூட்டத்தில் இல்லை. எங்கள் ஊரில் அங்கத்தவர்களே கூட்டத்துக்குப் போகவில்லை. இந்நாட்டிலும் அண்மையில், 2013இல், கூட்டுறவு வங்கியின் கணக்கில் 150 கோடி பவுண் பற்றாக்குறை வெளிப்பட்டு, வங்கி கூட்டுறவு இயக்கத்தின் கையைவிட்டுப் போயிற்று. இத்தனை பெரிய நிறுவனத்தை மேற்பார்வை செய்ய நிருவாகசபைக்குப் போதிய தகைமை இருக்கவில்லை என்று அதன்பின் நடந்த ஆய்வு கூறியது. பெயரில் கூட்டுறவு இருந்தால் போதாது. கணக்கைப் படிக்கத் தெரிந்த கண்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

எமக்கு வேண்டியது என்ன?

அன்னதானம் எமது மரபு. அது குறைவின்றி நடக்க வேண்டும். ஆனால் தானத்தில் கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. கூட்டுறவில் எல்லோருடைய கையும் ஒரே மட்டத்தில் இருக்கும். இரண்டும் வேறு வேறு தருமங்கள். ஒன்றின் கணக்கை மற்றதில் கலக்காமல் இரண்டையும் நடத்தலாம் என்பதே எனது தாழ்மையான அபிப்பிராயம்.

அங்கத்தவர்களின் ஆலோசனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறேன். கூட்டுக் கொள்வனவுக்கு ஆலயக் கணக்கிலிருந்து வேறான ஒரு கணக்கு வேண்டும். கடன் வேண்டாம். ஆனால் கையில் காசில்லாத குடும்பத்தை ரொச்டேலைப்போல் வாசலில் நிறுத்தவும் வேண்டாம். அவர்களுக்கான தொகையை, பெயர் வெளிவராமல், தரும நிதியிலிருந்து கடைக் கணக்குக்குக் காசாகவே செலுத்திவிடலாம். கடையும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். மிஞ்சும் பணம் வாங்கியவர்களுக்கு வாங்கிய அளவின்படி போகட்டும். விரும்பியவர் தமது பங்கை ஆலயத்துக்கு அளிக்கட்டும். வாங்கிய விலை, விற்ற விலை, மீதி ஆகிய மூன்றும் மாதந்தோறும் அறிவித்தற் பலகையில் இருக்கட்டும். சாமான் எல்லோர் முன்னிலையிலும் நிறுக்கப்படட்டும். மீதியில் ஒரு சிறு பங்கு எமது பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் நல்லுணவைப் பற்றிய வகுப்புகளுக்கு ஒதுக்கப்படட்டும். இயன்றபோது இவ்வூர்க் கமக்காரரிடம் நேரே வாங்குவோம். தூர தேசத்திலிருந்து வரும் அரிசியையும் தேயிலையையும் வாங்கும்போது, இதை விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்று ஒருமுறையாவது கேட்போம். கேட்கப்படாத மக்களின் பிள்ளைகள் நாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான ஒன்றுண்டு. ரொச்டேலில் கணக்குப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடினார்கள். எமது ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கோ, திருவிழாவுக்கு வருபவர்களில் பத்திலொரு பங்கினரும் வருவதில்லை. வந்தவர்களிலும் பலர் வரவு செலவு வாசிக்கப்படும்போது தேநீர் மேசைக்குப் போய்விடுகிறோம். அடியேனும் அவ்வாறு போனதுண்டு. வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டுத் தராசை எடுத்து வைத்த அப்பாவின் நினைவு இப்போது வருகிறது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விடயம் மீண்டும் எடுக்கப்படும். யோசனையை ஆதரிப்பவர்களும் வாருங்கள், மறுப்பவர்களும் வாருங்கள். தாய்மார் கட்டாயம் வர வேண்டும். அரிசியின் தரத்தை அறிந்தவர்கள் அவர்களே. முதலில் எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து கணக்கைக் கேட்போம், தேநீர் அதன் பின்னர் வரட்டும். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.